தமிழ் விக்கிப்பீடியாவில் முதல் கட்டுரை: குறியீடுகளில் சிக்கிக்கொள்ளாமல் எழுத ஒரு வழிகாட்டி

எங்கள் பக்கத்து ஏரிகளைப் பற்றிப் பல ஆண்டுகளாக நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைத்திருந்தேன். மதகுகளின் பெயர், வாய்க்கால்களின் பெயர், எந்த ஊருக்கு எந்த வழியாகத் தண்ணீர் போகிறது என்றெல்லாம். அவற்றைத் தமிழ் விக்கிப்பீடியாவில் ஏற்ற நினைத்தபோது, எழுதி முடிக்க இரண்டு மாலைகள்தான் ஆயின. அதைப் பக்கத்தில் ஒழுங்காக நிற்க வைக்க மூன்று வாரம் ஆயிற்று. தடித்த எழுத்து வரவில்லை, இணைப்புகள் சிவப்பாக நின்றன, இரண்டு பத்திகள் காணாமலே போயின.

தடிப்பு, இணைப்பு போன்றவற்றுக்காக எழுத்தோடு சேர்த்துத் தட்டும் விக்கிக் குறியீடுகள் உண்மையில் மிகச் சில. ஒரு மணி நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நம்மைச் சிக்க வைப்பவை இரண்டு: நம் தமிழ் விசைப்பலகை, நம் வேற்றுமை உருபுகள். ஆங்கில உதவிப் பக்கங்களில் இவை இரண்டைப் பற்றியும் ஒரு வரி கிடையாது. ஆகவே இந்த வழிகாட்டியில் அவற்றுக்கே அதிக இடம் கொடுத்திருக்கிறேன். எடுத்துக்காட்டு எல்லாவற்றுக்கும் வீராணம் ஏரியை எடுத்துக்கொள்கிறேன்.

1. உட்காருவதற்கு முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் ஒரு பயனர் கணக்கு. பயனர் பெயரைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம். மின்னஞ்சல் முகவரி கொடுப்பது கட்டாயமில்லை, ஆனாலும் கொடுத்துவிடுங்கள். கடவுச்சொல் மறந்துபோனால் மின்னஞ்சல் இல்லாமல் அதை மீட்க முடியாது. இந்த ஒரே கணக்கு விக்கிமூலம், விக்சனரி, படங்களைச் சேமிக்கும் பொதுவகம் ஆகிய துணைத்தளங்கள் எல்லாவற்றுக்கும் செல்லும்.

அடுத்து, சான்றுகள். எந்த நூலில் பார்த்தீர்களோ அதன் பெயர், ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு, பக்க எண் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். நூலகத்தில் பார்த்த நூலாக இருந்தால் தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் சேர்த்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பதிப்பு ஆண்டு பெரும்பாலும் அந்தப் பின்பக்கத்தில்தான் இருக்கும். நான் அதை விட்டுவிட்டு வந்ததால், ஒரே ஓர் ஆண்டு எண்ணுக்காக மறுபடியும் மாவட்ட நூலகத்துக்குப் போக வேண்டியிருந்தது.

படம் வேண்டுமானால் நீங்களே எடுத்த படமாக இருக்கட்டும். நாளிதழில் வந்த படமும், இணையத் தேடலில் கிடைத்த படமும் பிறர் உடைமை, ஏற்றினாலும் நீக்கப்படும். எழுத்துக்கும் இதே விதிதான். நூலில் உள்ள பத்தியை அப்படியே எடுத்து ஒட்டக் கூடாது. தகவலை எடுத்துக்கொண்டு உங்கள் சொற்களில் எழுத வேண்டும். நீங்கள் பதிப்பிக்கும் எழுத்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் போகிறது. மூலத்தைக் குறிப்பிட்டு யார் வேண்டுமானாலும் அதை எடுத்தாளலாம், விற்கும் நூலில்கூடச் சேர்க்கலாம். இதற்கு மனம் ஒப்பினால் மட்டும் எழுதுங்கள்.

2. செலவும் நேரமும்

கட்டணம் ஒரு காசும் கிடையாது. கணக்குத் தொடங்கவும், கட்டுரை போடவும், படம் ஏற்றவும் எதற்குமே பணம் இல்லை. “உங்களைப் பற்றி விக்கிப்பீடியாவில் கட்டுரை போட்டுத் தருகிறோம், இவ்வளவு ஆகும்” என்று யாராவது அணுகினால் உடனே விலகிவிடுங்கள். பணம் கொடுத்து வாங்கிய கட்டுரை நிலைக்கும் என்று எவராலும் உறுதி தர முடியாது. உங்கள் செலவு நகல் எடுக்கும் காசும் பஸ் டிக்கெட்டும்தான்.

நேரம் என்று பார்த்தால், குறியீடுகளைப் பழக ஒரு மாலை, கட்டுரையை மணல்தொட்டியில் அடுக்க இரண்டு மாலை, சான்றுகளைச் சேர்க்க இன்னொரு மாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இரவில் முடித்துவிட வேண்டும் என்று உட்காராதீர்கள்.

3. மணல்தொட்டியில் தொடங்குங்கள்

உள்நுழைந்ததும் உங்கள் பெயரையொட்டிய பட்டியலில் மணல்தொட்டி என்ற இணைப்பு இருக்கும். அது உங்களுக்கென்று உள்ள பயிற்சிப் பக்கம். அங்கே எதை உடைத்தாலும் எவருக்கும் நட்டமில்லை. எல்லாருக்கும் பொதுவான மணல்தொட்டி ஒன்றும் உண்டு. ஆனால் அதை அவ்வப்போது துடைத்துவிடுவார்கள். நாள் கணக்கில் வேலை செய்ய உங்கள் சொந்தத் தொட்டிதான் ஏற்றது.

குறியீடே தெரியாமல், பக்கம் தோன்றுகிறபடியே தொகுக்கும் முறையும் இருக்கிறது. அதில் எழுதுவதில் தவறில்லை. ஆனால் ஏதாவது ஒன்று உடைந்தால் எங்கே உடைந்தது என்று அதில் பார்த்துக் கண்டுபிடிப்பது கடினம். ஆகவே மூலத்தைத் தொகுக்கும் முறையிலேயே பழகச் சொல்கிறேன்.

ஒவ்வொரு சிறு மாற்றத்துக்குப் பிறகும் முன்தோற்றம் பொத்தானை அழுத்துங்கள். பத்து மாற்றங்களைச் செய்துவிட்டுப் பார்த்தால் எது கெடுத்தது என்று தெரியாது. தொகுப்புப் பெட்டியைத் திறந்துவைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள், எழுதியதை ஒரு தனிக் கோப்பில் நகலெடுத்து வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது உள்நுழைவு விலகியிருந்தால் சேமிக்க மறுக்கும்.

4. விசைப்பலகையைச் சரிசெய்யுங்கள்

என் மூன்று வாரத்தில் முதல் வாரம் போனது இங்கேதான். நான் தமிழ்99 முறையில் தட்டச்சு செய்கிறவன். விக்கியில் இணைப்புக்கு இரண்டு சதுர அடைப்புக்குறிகள் வேண்டும். அந்த விசையை இரண்டு முறை தட்டினேன். திரையில் ‘ச்ச’ என்று வந்தது. தமிழ்99-இல் இடப்பக்கச் சதுர அடைப்புக்குறி விசை ச, வலப்பக்கத்தது ஞ. தடித்த எழுத்துக்கு வேண்டிய ஒற்றை மேற்கோள் குறி இருக்கும் விசை ய. சான்றை முடிக்கும் மூடுகுறிக்கு வேண்டிய சாய்கோட்டு விசை ழ. குறியீட்டுக்கு வேண்டிய விசைகள் பலவற்றில் நம் எழுத்துகள் உட்கார்ந்திருக்கின்றன. ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழாக்கும் ஒலிபெயர்ப்பு முறையில் எழுதுகிறவர்களுக்குப் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை.

தீர்வு எளிது. விக்கிப்பீடியாவின் சொந்தத் தட்டச்சுக் கருவியைப் பயன்படுத்தினால், கன்ட்ரோல் விசையை அழுத்தியபடி எம் எழுத்தைத் தட்டுங்கள். தமிழ் நின்று ஆங்கில விசைப்பலகை வரும். மறுபடியும் தட்டினால் தமிழ் திரும்பும். விண்டோஸ் தரும் தமிழ் விசைப்பலகை என்றால் விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்துங்கள். விரல் பழகும்வரை வேறொரு வழியும் உண்டு. முதலில் சொற்களை மட்டும் முழுக்கத் தட்டிவிட்டு, பிறகு வேண்டிய சொல்லைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள கருவிப்பட்டையில் தடிப்பு, இணைப்பு பொத்தான்களை அழுத்தினால் குறிகள் தாமாகச் சூழ்ந்துகொள்ளும். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

வேர்டு போன்ற செயலிகளில் எழுதிக் கொண்டுவந்து ஒட்டுபவர்களுக்கு இரண்டு எச்சரிக்கைகள். அந்தச் செயலிகள் நேரான மேற்கோள் குறியை வளைந்த குறியாக மாற்றிவிடும். வளைந்த குறி விக்கிக்குத் தெரியாது; தடித்த எழுத்து வராமல், குறிகளே அச்சாகி நிற்கும். சில கைப்பேசிகளும் இதைச் செய்கின்றன. இரண்டாவது, பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பு. ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குவியல்தான் தெரியும். முதலில் ஓர் எழுத்துரு மாற்றியில் போட்டு ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றுங்கள். மாற்றியபின் வரிக்கு வரி படித்துத் திருத்துங்கள். கொம்பும் காலும் இடம் மாறியிருக்கும்.

5. பத்தி, தடிப்பு, தலைப்பு

பத்தி பிரிக்க ஒரு வெற்று வரி விடுங்கள். என்டர் விசையை ஒருமுறை மட்டும் தட்டினால் இரண்டு வரிகளும் ஒட்டிக்கொள்ளும். வெண்பா ஒன்றை ஒட்டிப் பாருங்கள்: நான்கு அடிகளும் ஒரே வரியாக ஓடும், இரண்டாம் அடியின் தனிச்சீரும், மூன்றே சீராய் முடியும் ஈற்றடியும் இருந்த இடம் தெரியாது. ஒவ்வோர் அடியின் முடிவிலும் வரிமுறிப்புக் குறிச்சொல் போட வேண்டும். < > என்னும் கோணக்குறிகளுக்கு நடுவே b, r என்னும் இரண்டு ஆங்கில எழுத்துகள், அவ்வளவுதான். எச்டிஎம்எல் தெரிந்தவர்களுக்கு அது பழகிய குறிதான்.

பள்ளியில் நமக்குப் பத்தியின் முதல் வரியை உள்தள்ளி எழுதக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். இங்கே அதை மறந்துவிடுங்கள். வரியின் தொடக்கத்தில் ஒரே ஒரு இடைவெளி இருந்தாலும் அந்த வரி சாம்பல் நிறப் பெட்டிக்குள் போய், மடங்காமல், திரையை விட்டு வெளியே நீளும். என் முதல் வரைவில் ஒவ்வொரு பத்திக்கும் இப்படிப் பெட்டி விழுந்தது. காரணம் புரிய ஒரு முழு நாள் ஆயிற்று.

தடித்த எழுத்துக்குச் சொல்லின் இருபுறமும் மும்மூன்று ஒற்றை மேற்கோள் குறிகள்: '''வீராணம் ஏரி'''. சாய்வெழுத்துக்கு இரண்டிரண்டு: ''வீராணம் ஏரி''. இரட்டை மேற்கோள் குறி விசையைப் பயன்படுத்தாதீர்கள். பார்க்க ஒன்றுபோல் இருந்தாலும் வேலை செய்யாது. கட்டுரையின் முதல் வரியில் கட்டுரைப் பொருளின் பெயரை மட்டும் தடித்துக் காட்டுவது வழக்கம். வேறெங்கும் தடிக்க வேண்டாம். சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்ப்பதே நல்லது என்பது என் கருத்து. பல எழுத்துருக்களில் சாய்த்த தமிழ் படிக்கச் சிரமமாக இருக்கிறது.

உட்தலைப்புக்கு இருபுறமும் இரண்டு சமக்குறிகள்: == நீர்வரத்து ==. அதற்குள் ஒரு பிரிவு வேண்டுமானால் மூன்று: === வடவாறு ===. ஒற்றைச் சமக்குறி பக்கத்தின் பெயருக்கு உரியது, அதைத் தொடாதீர்கள்.

6. இணைப்புகளும் வேற்றுமை உருபுகளும்

கலைக்களஞ்சியத்துக்கு உயிர் இணைப்புதான். தமிழில் எழுதுகிறவர் அதிகம் தடுமாறுவதும் இங்கேதான்.

அடிப்படை இது: [[மதுரை]] என்று எழுதினால் மதுரை என்ற கட்டுரைக்கு இணைப்பு வரும். ஆனால் நாம் ‘மதுரை’ என்று வெறுமனே எழுதுவது எப்போதாவதுதான். மதுரையில், மதுரைக்கு, மதுரையிலிருந்து என்றுதான் எழுதுவோம். பெயர்ச்சொல் அப்படியே மாறாமல் நின்று, பின்னால் எழுத்துகள் கூடினால் கவலையில்லை. [[மதுரை]]யில், [[சென்னை]]க்கு, [[காவிரி]]யின் என்று உருபை அடைப்புக்குறிக்கு வெளியே ஒட்டி எழுதுங்கள். இடைவெளி விடாமல் ஒட்டினால் முழுச்சொல்லும் இணைப்பாகவே தெரியும்.

சொல்லின் ஈற்றெழுத்தே மாறும்போது இந்த வழி உதவாது. கொள்ளிடம் என்பது கொள்ளிடத்தில் என்றாகிறது. [[கொள்ளிடம்]]த்தில் என்று எழுதினால் ‘கொள்ளிடம்த்தில்’ என்று அச்சாகும். சரி என்று [[கொள்ளிடத்தில்]] என்று எழுதினால் அப்படி ஒரு கட்டுரையே இல்லாததால் இணைப்பு சிவக்கும். இங்கே நிமிர்ந்த கோடு (|) வேண்டும். கோட்டுக்கு இடப்புறம் கட்டுரையின் பெயர், வலப்புறம் கண்ணுக்குத் தெரிய வேண்டிய வடிவம்.

மகர ஈற்றுச் சொற்கள் (சிதம்பரம், சிதம்பரத்தில்), டு, று என்று முடிபவை (தமிழ்நாடு, தமிழ்நாட்டின், வடவாறு, வடவாற்றில்), புள்ளி எழுத்தில் முடிபவை (வேலூர், வேலூரில், புழல், புழலில்) ஆகிய மூன்று வகைக்கும் நிமிர்ந்த கோடுதான் வழி. ஐகாரத்திலும் இகரத்திலும் முடிபவற்றுக்குப் பெரும்பாலும் வெளியே ஒட்டினால் போதும். என் மேசையில் இதை எழுதி ஒட்டி வைத்திருந்தேன். பத்து நாளில் கை பழகிவிட்டது.

எல்லாம் சேர்ந்து ஒரு பத்தி இப்படி அமையும்:

'''வீராணம் ஏரி''' [[கடலூர் மாவட்டம்|கடலூர் மாவட்டத்தில்]] உள்ளது. [[கொள்ளிடம் ஆறு|கொள்ளிடத்தின்]] குறுக்கே கட்டப்பட்ட [[கீழணை]]யிலிருந்து [[வடவாறு|வடவாற்றின்]] வழியாக இதற்கு நீர் வருகிறது. [[சென்னை]]க்குக் குடிநீர் தரும் ஏரிகளுள் இதுவும் ஒன்று.

கொள்ளிடம் என்றது ஆறும்தான், ஊரும்தான். இப்படி ஒரே பெயர் இரண்டுக்கு இருக்கும்போது வெறும் பெயரைப் போட்டால் ஏதோ ஒன்றுக்குத்தான் போகும். இணைப்புப் போடுவதற்கு முன் தேடல் பெட்டியில் தட்டி, கட்டுரையின் சரியான தலைப்பைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். முன்தோற்றத்தில் ஒவ்வோர் இணைப்பையும் புதிய சாளரத்தில் திறந்து பாருங்கள். நீல நிறம் மட்டும் சான்றாகாது.

தலைப்பு சரியாக இருந்தும் இணைப்பு சிவப்பாக நின்றால் எழுத்துகளைச் சோதியுங்கள். ‘ஔவையார்’ என்பதில் முதலெழுத்து ஔ என்ற ஒரே எழுத்து. பலர் ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுகிறார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்கு அது வேறு சொல். ‘ஸ்ரீ’யிலும் இதே சிக்கல், அதை ஸகரத்திலும் எழுதலாம், ஶகரத்திலும் எழுதலாம், திரையில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ஐயம் வந்தால் தலைப்பை அந்தக் கட்டுரையிலிருந்தே நகலெடுத்து ஒட்டுங்கள்.

உண்மையிலேயே கட்டுரை இல்லாத சிவப்பு இணைப்பு குற்றமல்ல. யாராவது ஒருநாள் எழுதுவார்கள், அப்படியே விட்டுவிடுங்கள்.

7. பட்டியலும் அட்டவணையும்

புள்ளிப் பட்டியலுக்கு வரியின் தொடக்கத்தில் உடுக்குறி (*), எண் பட்டியலுக்கு எண்குறி (#). எண் பட்டியலில் வரிகளுக்கு நடுவே வெற்று வரி விடாதீர்கள். விட்டால் ஒவ்வொன்றும் 1 என்றே தொடங்கும்.

அட்டவணைதான் சற்று மிரட்டும். நெளிவு அடைப்புக்குறியும் நிமிர்ந்த கோடும் சேர்ந்து அதைத் திறக்கும், அதே இரண்டும் தலைகீழாக மூடும். வியப்புக்குறி தலைப்புக் கட்டம். கோடும் சிறுகோடும் அடுத்த வரிசை.

{|
! ஏரி !! முழுக் கொள்ளளவு (மில்லியன் கன அடி)
|-
| பூண்டி || 3231
|-
| சோழவரம் || 1081
|-
| புழல் || 3300
|-
| செம்பரம்பாக்கம் || 3645
|-
| வீராணம் || 1465
|}

இதை அப்படியே போட்டால் எண்கள் வரிசையில் நிற்கும். ஆனால் கட்டங்களுக்குக் கோடு வராது. கோடு வேண்டுமானால் கருவிப்பட்டையில் உள்ள அட்டவணைப் பொத்தானை அழுத்தி வெற்று அட்டவணையை வரவழைத்து, அதற்குள் உங்கள் எண்களை நிரப்புங்கள். கோட்டுக்குரிய சொல்லை அது தானே முதல் வரியில் சேர்த்துவிடும். கடைசி மூடுகுறியை விட்டுவிட்டால் அட்டவணைக்குக் கீழே உள்ள கட்டுரை முழுவதும் கட்டத்துக்குள் நுழைந்துவிடும். கட்டுரை திடீரென்று குலைந்து தெரிந்தால் முதலில் இந்த மூடுகுறியைத் தேடுங்கள்.

8. சான்று: மூடாத குறி பத்திகளை விழுங்கும்

ஒவ்வொரு தகவலுக்கும் பின்னால் அது எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். கோணக்குறிகளுக்குள் ref என்னும் மூன்று ஆங்கில எழுத்துகள், பிறகு நூல் விவரம், பிறகு அதே மூன்றெழுத்துக்கு முன்னால் சாய்கோடு சேர்த்த மூடுகுறி. கருவிப்பட்டையின் மேற்கோள் பொத்தான் இதைச் செய்து தரும். நீங்கள் தாளில் எழுதி வைத்த ஐந்து விவரங்களும் அங்கே பயன்படும்.

என் இரண்டு பத்திகள் காணாமல் போனது இங்கேதான். ஒரு சான்றின் முடிவில் சாய்கோட்டை விட்டிருந்தேன். அடுத்த சான்றின் மூடுகுறி வரும்வரை இருந்த எல்லாவற்றையும் முதல் சான்று தன் அடிக்குறிப்புக்குள் இழுத்துக்கொண்டது. பத்தி மறைந்தால் யாரோ அழித்துவிட்டார்கள் என்று பதறாதீர்கள். மறைந்த இடத்துக்குச் சற்று முன்னால் உள்ள சான்றைப் பாருங்கள்.

கட்டுரையின் இறுதியில் == மேற்கோள்கள் == என்று ஒரு தலைப்புப் போட்டுவிடுங்கள். அடிக்குறிப்புகள் பக்கத்தின் கடைசியில் தாமே வந்து அடுக்கிக்கொள்ளும்.

9. பகுப்பு

கட்டுரை எந்த இனத்தைச் சேர்ந்தது என்று கடைசி வரியில் சொல்ல வேண்டும்: [[பகுப்பு: என்று தொடங்கி, பகுப்பின் பெயரை எழுதி ]] என்று மூடுங்கள். புதிதாகப் பகுப்புப் பெயர் உண்டாக்காதீர்கள். உங்கள் கட்டுரையைப் போன்ற இன்னொரு கட்டுரையைத் திறந்து, அதன் அடியில் உள்ள பகுப்புகளைப் பார்த்து எடுத்துக்கொள்வதே சரி.

மணல்தொட்டியில் இருக்கும்வரை பகுப்புக்கு முன்னால் ஒரு முக்காற்புள்ளி சேர்த்து [[:பகுப்பு: என்று எழுதுங்கள். இல்லையென்றால் உங்கள் பயிற்சிப் பக்கம் உண்மையான ஏரிக் கட்டுரைகளின் வரிசையில் போய் நிற்கும்.

10. பதிப்பிக்கும்போதும் அதற்குப் பிறகும்

அந்தத் தலைப்பில் கட்டுரை ஏற்கெனவே இருக்கிறதா என்று மாற்றுப் பெயர்களிலும் தேடுங்கள். இருந்தால் புதிதாகத் தொடங்காமல் அதிலேயே உங்கள் தகவலைச் சேருங்கள். பதிப்பிக்கும் பொத்தானுக்கு மேலே சுருக்கம் எழுதும் கட்டம் இருக்கும். ‘நீர்வரத்துப் பகுதி, 2 சான்றுகள் சேர்ப்பு’ என்று நான்கு சொல்லாவது எழுதுங்கள். சுருக்கம் எழுதியவரின் மாற்றத்தை மற்றவர்கள் பொறுமையாகப் படிக்கிறார்கள்.

பதிப்பித்த சில நிமிடங்களிலேயே யாராவது திருத்தக்கூடும், மாற்றத்தை மீள்விக்கவும் கூடும். பக்கத்தின் மேலே உள்ள வரலாறு என்ற தத்தலைத் (tab) திறந்தால் யார், எப்போது, ஏன் என்று இருக்கும். உங்கள் பழைய வடிவமும் அழியாமல் அங்கேயே இருக்கும். மீண்டும் மீண்டும் பழையபடி மாற்றாமல், உரையாடல் பக்கத்தில் காரணம் கேளுங்கள். கேள்வியின் முடிவில் நான்கு அலைக்குறிகள் ~~~~ போட்டால் உங்கள் பெயரும் நேரமும் பதிவாகும். கட்டுரைக்குள் மட்டும் இதைப் போடக் கூடாது. பொதுவான ஐயங்களுக்கு ஆலமரத்தடி என்ற பக்கம் இருக்கிறது. புதியவர் என்று சொல்லிக் கேட்டால் வழி சொல்வார்கள்.

மறுநாள் காலையில் கைப்பேசியில் ஒருமுறை கட்டுரையைத் திறந்து பாருங்கள். அட்டவணை திரைக்குள் அடங்குகிறதா, படம் பத்தியை நெருக்குகிறதா என்பதெல்லாம் சிறிய திரையில்தான் தெரியும்.